இல்லாத பாலத்தைக் காணச் சென்றோம்

ஓர் ஊர் புகழ் பெறுவதற்குக் காரணங்கள் பல உண்டு. கோயிலாற் புகழ் பெற்ற ஊர்களை நாம் அறிவோம். துறைமுகத்தாலும் சந்தையாலும் விளைபொருளாலும் பெயர் பெற்ற ஊர்களையும் அறிவோம். ஆனால் கற்பனையிற் பிறந்த கதையொன்றினாற் பெயர் பெற்று, அக்கதையின் சுவட்டைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டு வரும் ஊர்களும் உலகில் இருக்கின்றன.

ஜப்பான் தேசத்தில் டொட்டோரி மாகாணத்தின் கடலோரத்தே சக்காய்மினாட்டோ என்றொரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. 'மங்கா' என்று ஜப்பானியர் வழங்கும் சித்திரக் கதைகளை வரைந்து பெரும் புகழெய்திய மிசுக்கி ஷிகேரு என்பார் இளமையில் வளர்ந்த ஊர் அது. அவர் படைத்த கிட்டாரோ என்னும் பேய்க்குலச் சிறுவனையும் அவன் கூட்டாளிகளையும் அறியாத குழந்தைகள் ஜப்பானில் அரியர். 1993ஆம் ஆண்டில் அவ்வூரின் கடைவீதியில் இப்பாத்திரங்களுக்கு 23 வெண்கலச் சிலைகள் நிறுத்தப்பட்டன. இன்று அவ்வீதியில் 170க்கு மேற்பட்ட சிலைகள் நிற்கின்றன. அவ்வூருக்குச் செல்லும் புகையிரதப் பெட்டிகளிலும் அதே பேய்களின் ஓவியங்களே காணப்படுகின்றன. சித்திரக் கதையொன்று ஓர் ஊருக்குப் புதுவாழ்வு தந்திருக்கிறது.

இச்செய்தியைப் படித்த என் மருமகன், பத்து வயதுச் சிறுவன், "நம் நாட்டில் இப்படி ஓர் ஊர் இல்லையா, மாமா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னர் நினைவுக்கு வந்தது கித்துல்கல. கண்டியிலிருந்து காலையிற் புறப்பட்டால் மதிய உணவுக்கு முன் சென்று சேரக்கூடிய ஊர். சித்திரக் கதையால் அன்று, திரைப்படக் கதையால் உலகப் புகழ் பெற்ற ஊர். அந்தக் கதையிலும் ஜப்பானியர் வருகிறார்கள். ஆகவே விடுமுறை நாளொன்றில் என் தங்கை, அவள் கணவர், பிள்ளைகள் இருவர், மைத்துனரின் தாயார் ஆகியோருடன் கித்துல்கலவுக்குப் புறப்பட்டோம்.

பேராதனையில் தொடங்கும் கதை

கித்துல்கலவைக் காணப் போகிறவர்கள் முதலிற் பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு மணி நேரமாவது தங்கிச் செல்ல வேண்டும். கதையின் ஒரு நுனி அங்கேதான் இருக்கிறது.

மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்தோடும் அத்தோட்டத்தில் இன்று பனைவகை மரங்கள் அணிவகுத்த பாதைகளில் மணமக்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகச் செல்கிறார்கள். 1944ஆம் ஆண்டிலோ அங்கு நடமாடியவர்கள் படைத் தளபதிகள். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் ஜப்பானியரை எதிர்த்த நேச நாடுகளின் பெருந்தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு, தமது தலைமையகத்தை அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தோட்டமே அத்தலைமையகத்தின் இருப்பிடமாயிற்று. பர்மாவிலும் சயாமிலும் மலாயாவிலும் நடந்த போரின் கட்டளைகள் நம் மலைநாட்டு மர நிழலிலிருந்து பிறந்தன. எதிரியின் பின்புறத்தே மறைந்திருந்து வேலை செய்த 'படை 136' என்னும் இரகசியப் பிரிவும் போரின் பிற்பகுதியில் கண்டியிலிருந்தே இயக்கப்பட்டது.

போர் முடிந்து ஏழு ஆண்டுகள் சென்றபின், 1952இல், பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு நாவலை வெளியிட்டார். சயாம் நாட்டிலே ஜப்பானியரிடம் கைதிகளான பிரித்தானியச் சிப்பாய்கள் ஆற்றின் குறுக்கே புகையிரதப் பாலம் ஒன்றைக் கட்டுகிறார்கள். அதைத் தகர்ப்பதற்கு இரகசியப் படையினர் காட்டு வழியே வருகிறார்கள். அப்படையின் பெயர் கதையிலே 'படை 316'. உண்மையான எண்கள் இடம் மாறிக் கற்பனை எண்ணாகியிருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம். அந்நாவலே 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படமாயிற்று. படத்தில் இரகசியப் படையினர் பயிற்சி பெறும் இடமாக ஒரு பூந்தோட்டம் வருகிறதே, அது நம் பேராதனைத் தோட்டந்தான்.

தோட்டத்தை விட்டு வெளியேறுமுன் பிள்ளைகளுக்கு மற்றொரு செய்தியையும் சொல்லி வைத்தேன். 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இங்கிலாந்தில் முளைக்க வைத்த இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைத் தோட்டத்தாரின் மேற்பார்வையில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நட்டு வளர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டே சிங்கப்பூரிலும் இறப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. சில பத்தாண்டுகளில் மலாயா முழுவதும் இறப்பர்க் காடாயிற்று. "பாலத்தைப் பார்க்கப் போகும்போது இறப்பர் எதற்கு?" என்று கேட்டாள் பத்தாம் வகுப்பில் படிக்கும் மருமகள். "மாலைக்குள் தெரிந்துகொள்வாய்" என்றேன்.

மலையிறங்கும் வழி

கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வழி செல்கிறது. வழி நெடுகத் தேயிலைச் சரிவுகள். சரிவுகளின் மடியிலே லயங்கள். கினிகத்தேனையைக் கடந்து அவிசாவளைப் பக்கமாகத் திரும்பினால் சாலை வளைந்து வளைந்து கீழிறங்கத் தொடங்குகிறது. மலைக் குளிர் விலகி வெப்பம் ஏறுகிறது. தேயிலை குறைந்து இறப்பர் மரங்கள் தோன்றுகின்றன. பட்டையில் சாய்வாக வெட்டிய தழும்பும், அதன்கீழ் கட்டிய சிரட்டையுமாக அம்மரங்கள் நிற்பதைக் கண்டதும், அதுவரை கண்ணயர்ந்திருந்த மைத்துனரின் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவர்; எண்பது வயதை எட்டிக்கொண்டிருப்பவர். "எங்கள் சித்தப்பா இந்த மரத்தில் பால் எடுக்கத்தான் போனார்" என்றார். அவருடைய தந்தையார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து மண்டபம் வழியாகக் கண்டிச் சீமைக்கு வந்தவர். தந்தையாரின் தம்பியோ நாகப்பட்டினத்திலே கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் தேயிலைக்கு, ஒருவர் இறப்பருக்கு. அக்காலத்தில் இத்தகைய குடும்பங்கள் எத்தனையோ. 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் தோட்டக் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்குள் இலட்சக்கணக்கானோர் இரு கரைகளிலும் குடியேறிவிட்டனர். கங்காணி முறையும் லயமும் பிரட்டுக்களமும் இங்கிருந்தவாறே அங்கும் இருந்தன.

"சண்டை வரும் வரைக்கும் காகிதம் வந்துகொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை" என்று முடித்தார் அவர். வண்டி கித்துல்கலவை அடைந்தது.

பாலம் எழுந்ததும் வீழ்ந்ததும்

மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகிப் பாறைகளுக்கிடையே துள்ளிப் பாயும் இடம் இது. காற்றடைத்த இறப்பர்ப் படகுகளில் அமர்ந்து, தலைக்கவசம் அணிந்து, ஆற்றின் வேகத்தோடு போகும் விளையாட்டுக்காக இப்பொழுது பலர் வருகிறார்கள். பழைய வாடிவீட்டில் திரைப்படம் எடுக்கப்பட்ட காலத்துப் புகைப்படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று மரங்களினூடே ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. பாட்டியாரைக் கைபிடித்து மெல்ல இறக்கினோம்.

ஆற்றங்கரையில் பாலம் இல்லை! கரையோரப் பாறைகளுக்கிடையே சில சீமெந்து அடிப்பீடங்கள் இருக்கின்றன, அவ்வளவே. "இதுவா?" என்று சிறுவன் ஏமாற்றத்துடன் கேட்டான். "பாலம் இல்லாததால்தான் இந்த ஊருக்குப் புகழ்" என்றேன். வீட்டுத் தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்திருந்த அவனுக்கு உடனே விளங்கிற்று.

டேவிட் லீன் என்னும் ஆங்கில இயக்குநர் இப்படத்தை எடுப்பதற்கு இலங்கையைத் தேர்ந்தார். சயாம் காட்டுக்கு ஒப்பான காடும், அகலமும் ஆழமும் பொருந்திய ஆறும் இங்கே அமைந்திருந்தன. ஒரு படத்துக்காகக் களனி கங்கையின் குறுக்கே 400 அடிக்கு மேல் நீளமான மரப்பாலம் ஒன்று மெய்யாகவே கட்டப்பட்டது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரப் பொறியியலாளர்கள் கணக்கிட்டார்கள். நம் நாட்டு யானைகள் மரம் இழுத்தன. நம் நாட்டுத் தொழிலாளர் உழைத்தனர். மெய்யான புகையிரதம் அதன்மீது ஓடவும், ஓடும்போதே பாலம் வெடித்து வீழவும் வேண்டும் என்பது திட்டம்.

1957 மார்ச் 10ஆம் நாள் வெடி வைப்பதற்குக் குறிக்கப்பட்டது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க உட்படப் பிரமுகர்கள் பலர் அழைக்கப்பட்டிருந்தனர். புகையிரதம் புறப்பட்டது. ஆனால் படப்பிடிப்பாளர் ஒருவர் ஆபத்தான எல்லையை விட்டு உரிய நேரத்தில் விலகவில்லை. அதனால் இயக்குநர் வெடி வைக்க விடாமல் நிறுத்திவிட்டார். புகையிரதமோ நிற்காமற் பாலத்தைக் கடந்து சென்று அப்புறத்திலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. சேதத்தைச் சரிசெய்து மறுநாட் காலையில் மீண்டும் ஓட்டினார்கள். இம்முறை பாலமும் புகையிரதமும் இயக்குநர் நினைத்தவாறே ஆற்றில் வீழ்ந்தன. மாதக் கணக்கிற் கட்டியது சில கணங்களில் அழிந்தது.

படம் அவ்வாண்டே வெளியாயிற்று. அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான பரிசு உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், ஜப்பானிய நடிகர் செசூ ஹயகாவா ஆகியோரின் நடிப்பை இன்றும் மெச்சுகிறார்கள். கைதிகள் சீழ்க்கையடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் மெட்டு உலகெங்கும் பரவியது. எங்கள் சிறுவனும் சீமெந்துப் பீடத்தின் மீது ஏறி நின்று அதையே சீழ்க்கையடித்தான்.

கதை ஒன்று, நடந்தது வேறு

சீழ்க்கை ஓய்ந்ததும் மருமகள் கேட்டாள்: "மாமா, உண்மையிலும் இப்படித்தான் பாலத்தைத் தகர்த்தார்களா?"

இல்லை. பூல் எழுதிய நாவலிலேகூடப் பாலம் தகரவில்லை. அது திரைப்படத்துக்காகச் சேர்த்த முடிவு. உண்மையான பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரி நகருக்கருகே இருக்கிறது. அங்கே மரத்தால் ஒன்றும் இரும்பால் ஒன்றுமாக இரண்டு பாலங்கள் கட்டப்பட்டன. அவற்றை அழித்தவை நேச நாடுகளின் விமானக் குண்டுகள். போருக்குப்பின் செப்பனிடப்பட்ட இரும்புப் பாலத்தில் இன்றும் புகையிரதம் ஓடுகிறது. கைதிகளின் தலைவராயிருந்த பிலிப் டூசி என்னும் அதிகாரியும், படத்தில் வரும் அதிகாரியைப்போல் எதிரியின் பாலத்திற் பெருமை கொண்டவரல்லர். தம் வீரர்களை உயிரோடு காப்பதிலேயே கருத்தாயிருந்தவர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்பாலம் நிற்பது குவாய் நதியின் மீது அன்று. மேக்லோங் என்னும் ஆற்றின் மீது. புகையிரதப் பாதை பெரும்பாலும் குவாய் நோய் ஆற்றின் கரையோரமாகச் செல்வதால், பாலமும் அதன்மேலேயே இருக்குமென்று நாவலாசிரியர் கருதிவிட்டார். அவர் அப்பாதையில் வேலை செய்தவரல்லர். படத்தைப் பார்த்துவிட்டுப் பயணிகள் காஞ்சனபுரிக்கு வந்து, "குவாய் நதிப் பாலம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். என்ன செய்வது? 1960இல் மேக்லோங் ஆற்றின் அப்பகுதிக்குக் 'குவாய் யாய்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கதைக்குச் சிலை வைத்த ஊரை ஜப்பானிற் கண்டோம். கதைக்காக ஓர் ஆறே பெயர் மாறியதைத் தாய்லாந்திற் காண்கிறோம்.

படத்தில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னவை சுவையான செய்திகள். இனிச் சொல்லப் போவது சுவைக்காகச் சொல்வதன்று. அதைச் சொல்லாமல் கித்துல்கலவிலிருந்து திரும்பினால், தமிழராகிய நாம் அங்குச் சென்றதற்குப் பொருளில்லை என்பது என் எண்ணம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின்மீது படையெடுத்தனர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாப் போர்முனைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தானபடியால், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை அமைக்க ஜப்பானியர் முனைந்தனர். மலையும் காடும் மழையும் காய்ச்சலும் நிறைந்த அவ்வழியில் 1942இன் நடுப்பகுதியில் வேலை தொடங்கி, 1943 ஒக்டோபர் 17ஆம் நாள் இருபுறத் தண்டவாளங்களும் இணைக்கப்பட்டன. அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்ட பிரித்தானிய, ஒல்லாந்த, அவுஸ்திரேலியக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். திரைப்படம் சொல்வது இவர்களின் கதையை.

ஆனால் அப்பாதையை அமைத்தவர்களில் பெருந்தொகையினர் அக்கைதிகள் அல்லர், ஆசியத் தொழிலாளர்கள். தமிழர், பர்மியர், மலாயர், சீனர், ஜாவா நாட்டார் என ஏறத்தாழ 2 இலட்சம் பேர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர்.

அவர்கள் ஏன் சென்றார்கள்? போரினால் இறப்பர் ஏற்றுமதி நின்றுபோயிற்று. தோட்டங்களிலே வேலையில்லை, அரிசியுமில்லை. அந்நிலையில், நல்ல கூலியும் சாப்பாடும் உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். குடும்பத்தோடு சென்றவர்களும் உண்டு. ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டும் சென்றார்கள். இலவசமாகச் சினிமாக் காட்டுவதாக அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவை அடைத்து, ஆண்களை அப்படியே புகையிரதத்தில் ஏற்றி அனுப்பினார்கள் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. சினிமாவுக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. இதை நான் சொன்னபோது, வழி நெடுகச் சினிமாவைப் பற்றியே பேசி வந்த பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

கைதிகளைவிடத் தொழிலாளர் மிகுதியாக மாண்டதற்குக் காரணம் உண்டு. கைதிகளுக்கிடையே படை மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிடினும், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், மலக்குழியைத் தூரத்தே வெட்ட வேண்டும் என்று கட்டளையிட்டு நிறைவேற்ற அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு அத்தகைய துணை ஒன்றுமில்லை. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அத்தாப்புக் கொட்டகைகளில் கும்பல் கும்பலாக மாண்டார்கள். மலேரியாவும் வயிற்றுளைச்சலும் கால்களை அழுகச் செய்யும் புண்களும் எஞ்சியவர்களைக் கொண்டு சென்றன. தொழிலாளர் முகாம்களுக்குக் கைதிகளிலிருந்தே சில மருத்துவக் குழுக்களைப் பின்னர் அனுப்பினார்கள். காலம் கடந்த உதவி அது.

நாவலாசிரியர் பூல் போருக்கு முன் 1936 முதல் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் பொறியியலாளராக வேலை பார்த்தவர். அத்தோட்டங்களில் உழைத்த தமிழரை அவர் அறியாதிருக்க முடியாது. எனினும் பாலக் கதையை அவர் வெள்ளைக்கார அதிகாரிகளின் மனப் போராட்டமாகவே எழுதினார். படம் எடுத்தவர்களும் அவ்வாறே எடுத்தார்கள். இதற்காக நாம் கோபங்கொள்ள வேண்டா. கதை சொல்பவன் தான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறான். அவன் விட்டதைச் சொல்வது விடப்பட்டவர்களின் கடமை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இத்துயரையே பொருளாகக் கொண்டவை. நம் பள்ளி நூலகங்கள் தேடி வைக்க வேண்டிய நூல்கள் அவை.

பெயருள்ள கல்லும் பெயரற்ற மண்ணும்

மாலையிற் கண்டிக்குத் திரும்பியதும், களைப்பையும் பாராது பிட்டகந்தையிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். நகரத்தின் இரைச்சல் எட்டாத அமைதியான இடம். சீராக வெட்டிய புல்லின் நடுவே இருநூறுக்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர் எனப் பல நாட்டு வீரர்கள் அருகருகே கிடக்கிறார்கள். அடையாளம் தெரியாத ஓரிருவர் நீங்கலாக, ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் உண்டு.

காஞ்சனபுரியிலும் இத்தகைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 வீரர்கள் அங்கே துயில்கிறார்கள். கைதிகள் முகாம்களில் இரகசியமாக எழுதிவைத்த குறிப்புகளின் துணையால், போர் முடிந்த உடனே ஒரு குழுவினர் பாதை நெடுகச் சென்று 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். தொழிலாளர்களுக்கோ பெயர் எழுதி வைத்தவர் எவருமில்லை. இறந்தவர்களைப் பாதையோரக் குழிகளில் மொத்தமாக இட்டு மூடினார்கள். மலாயாத் தோட்டத்து லயங்களிலே மனைவியர் காத்திருந்தார்கள். சிலரது கணவன்மார் திரும்பினர். பலரைப் பற்றி இன்றுவரை சேதியில்லை.

பல ஆண்டுகள் கழித்தேனும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. காஞ்சனபுரியிலே, ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அடக்கம் செய்யப்பட்ட பௌத்தக் கோயில் ஒன்றின் வளவில், மாண்ட தமிழர்களின் நினைவாக அண்மையில் ஒரு நடுகல் நாட்டப்பட்டுள்ளது. போரில் வீழ்ந்தோருக்குக் கல் நட்டு வழிபட்ட சங்ககால மரபு, கூலித் தொழிலாளிக்கும் உரியதாகிவிட்டது. ஆனால் அக்கல்லிலும் ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க இயலாது. பெயர்கள் கிடைத்தாலன்றோ பொறிக்கலாம்?

முதலிற் சொன்ன ஜப்பானிய ஓவியர் மிசுக்கி ஷிகேருவின் வாழ்வையும் இங்கு நினைத்துக்கொண்டேன். அவரும் அதே போரிற் சிப்பாயாக நியூ பிரித்தன் தீவுக்கு அனுப்பப்பட்டு, குண்டு வீச்சில் இடக்கையை இழந்தவர். எஞ்சிய ஒரு கையாற் பேய்க் கதைகளை வரைந்து குழந்தைகளை மகிழ்வித்த அவர், தம்மோடிருந்து வீணே மாண்ட தோழர்களின் கதையையும் 1973இல் சித்திர நூலாக வரைந்தார். இறந்தவர்களை அவர் விட்டுவிடவில்லை.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டியார் ஒரு கல்லின் அருகே நின்று, அதிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும்படி பேத்தியைக் கேட்டார். அவள் பெயரையும் வயதையும் வாசித்தாள். சிறிது நேரம் பேசாதிருந்த பாட்டியார், "எங்கள் சித்தப்பா அந்த ரயில் வேலைக்குத்தான் போனாரோ, வேறெங்காவது போனாரோ, யாருக்குத் தெரியும்?" என்றார். ஆம், யாருக்கும் தெரியாது. தோட்டத்திலேயே நோயால் இறந்திருக்கலாம். பிழைத்து வேறோர் ஊரிற் குடும்பத்தோடு வாழ்ந்தும் இருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது முறையன்று.

"அவர் பேர் என்ன, அப்பாயி?" என்று கேட்டான் சிறுவன். பாட்டியார் பெயரைச் சொன்னார். ஊரையும், அவருடைய தகப்பனார் பெயரையும், கப்பலேறிய துறைமுகத்தையும் சொன்னார். பையன் தன் பள்ளிக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அந்தக் குடும்பத்தில் அப்பெயர் எழுத்தில் ஏறியது அதுவே முதன்முறை என்று மைத்துனர் சொன்னார்.

வாசகர்களே, கித்துல்கல பார்க்கத்தக்க ஊர். ஆறு அழகு; காடு அழகு; படமும் நல்ல படம். குடும்பத்தோடு சென்று வாருங்கள். அந்தச் சீமெந்துப் பீடங்களின் அருகே நிற்கும்போது, படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடல் கடந்து போய்ச் சேதியற்றுப் போன உறவினர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும் காலம் இன்னும் நெடுநாள் நீடிக்காது.